அளந்து காட்டும் ஊர்

பாரிஸ் போகும் நம்மவர்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சுதான். ஈஃபில் கோபுரம், லூவ்ரில் மோனாலிசா, வெர்சாய் அரண்மனை, குழந்தைகள் உடன் வந்தால் டிஸ்னிலேண்ட், ராத்திரி லா ஷப்பேலில் கொத்துரொட்டி. மறுநாள் சுவிட்சர்லாந்துக்குப் பஸ். பிரான்ஸின் மிச்சமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே ஓடும் வயலோடு சரி. கையில் இன்னும் நாலு நாள் இருப்பவர்கள் பாரிஸுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தள்ளி, தோர்தோஞ் மாவட்டத்தில் வெசேர் ஆற்றங்கரை ஊரான லெசெசிக்குப் போகலாம் என்பது என் கட்சி.

சின்ன ஊர். முக்கியத் தெரு ஒன்றே ஒன்று. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. உச்சியில் பாறை முன்னுக்குத் துருத்திக்கொண்டு நிற்க, அதற்கு அடியிலேயே வீடுகளைச் செருகிக் கட்டியிருக்கிறார்கள். சில வீடுகளுக்குப் பின்சுவர் பாறைதான். பனியுகத்து மனிதர்களும் இதே துருத்தலின் அடியில்தான் ஒதுங்கினார்கள். 1868இல் ரயில்பாதை வேலைக்கு மண் வெட்டியவர்கள் ஊர் ஓரத்தில் மனித எலும்புகளைக் கண்டார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த குரோமாக்னன் மனிதன் அவன்தான். ஆற்றின் மேல்பக்கம் லெ மூஸ்தியே, லா மதலேன் என்று இரண்டு குக்கிராமங்கள். முஸ்டீரியன், மாக்டலேனியன் என்று தொல்லியல்காரர்கள் உலகம் முழுக்கப் புழங்கும் பெயர்கள் இந்த இரண்டு ஊரிலிருந்தும் போனவை.

இங்கே முறையாகத் தோண்டத் தொடங்கியவர்கள் லார்த்தே என்ற பிரெஞ்சுக்காரரும் கிறிஸ்டி என்ற ஆங்கிலேயரும். வருஷம் 1863. அதே 1863இல்தான் ராபர்ட் புரூஸ் ஃபூட் நம் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் குனிந்து எடுத்தார். லெசெசியில் அந்தப் பழங்கதையை நம்பி ஒரு தேசிய அருங்காட்சியகமும் அரை டஜன் ஓட்டல்களும் பிழைக்கின்றன. பல்லாவரத்தில் ஃபூட் நின்ற இடத்தைப் பார்க்க டிக்கெட் வாங்கி யாரும் வரிசையில் நிற்பதில்லை. பெருமூச்சு விட்டு மேலே போவோம்.

இந்த ஊரில் கால்தான் வண்டி. மரத்திலோ மின்கம்பத்திலோ கல்லிலோ ஒரு மஞ்சள் கோடு இருந்தால் அது உள்ளூர் நடைபாதை. வெள்ளைக்குக் கீழே சிவப்பு என்றால் மாவட்டங்களைத் தாண்டிப் போகும் நெடும்பாதை. கோடுகள் பெருக்கல் குறியாக இருந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று பொருள். படிக்கத் தெரியாத குழந்தைகூட இதை வைத்துக்கொண்டு வீடு திரும்பிவிடும். பாதை ஓக் மரக் காட்டுக்குள் ஏறும், வால்நட் தோப்புகளின் ஓரமாக இறங்கும், சில இடத்தில் யாரோ ஒருவரின் கொல்லையை ஒட்டியே போகும். நாய் குரைக்கும், வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார், ஒரு 'போன்ஷூர்' போதும், இருவரும் அவரவர் வேலையைப் பார்க்கலாம். சொல்லாமல் கடந்தால் நம்மைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். புல் உயர்ந்த இடங்களில் உண்ணி உண்டு என்பதால் முழுக்கால் சட்டை நல்லது. இலையுதிர்காலத்தில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும் நாட்களில் ஆரஞ்சு நிற மேல்சட்டைக்காரர்கள் துப்பாக்கியோடு காட்டோரம் நிற்பார்கள். வேட்டை நடக்கிறது என்ற பலகையைப் பார்த்தால் வீரம் காட்டாமல் வேறு பாதை பிடிப்பது உத்தமம்.

ஆற்றில் போவது இன்னும் சுகம். படகு வாடகைக்கு விடுபவர்கள் நம்மை வேனில் ஏற்றி ஆற்றின் மேல்பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். தலைக்கு ஒரு மிதவைச் சட்டை, ஒரு துடுப்பு, படகுக்குத் திருகுமூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் பீப்பாய். கைப்பேசி, ரொட்டி, மாற்றுத்துணி எல்லாம் அதற்குள். பிறகு நீரோட்டமே கொண்டுவந்து சேர்த்துவிடும். சேன் லெயோன் என்ற ஊரில் தண்ணீரை ஒட்டி நிற்கும் பழைய தேவாலயம் தெரியும். அதைத் தாண்டினால் லா ரோக் சேன் கிறிஸ்தோஃப். ஒரு கிலோமீட்டர் நீளம், 80 மீட்டர் உயரமுள்ள பாறை. அதில் மாடிமாடியாக இயற்கை குடைந்த திண்ணைகள். இடைக்காலத்தில் ஒரு ஊரே அந்தத் திண்ணைகளில் குடியிருந்தது. மேலே போனால் உத்தரம் செருகிய சதுரத் துளைகள் பாறையில் வரிசையாக இருக்கின்றன. கீழே படகிலிருந்து பார்க்கும்போதுதான் இவ்வளவு உயரத்துக்கு மூட்டையும் ஆட்டையும் எப்படி ஏற்றினார்கள் என்ற கேள்வி வருகிறது. கோடையில் ஆறு பல இடங்களில் முழங்கால் ஆழம்தான். கூழாங்கல் திட்டில் படகு தட்டும், இறங்கித் தள்ள வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் மட்டும் போகாதீர்கள். பாதி ஐரோப்பா அந்த ஆற்றில்தான் இருக்கும். இந்தப் பள்ளத்தாக்கில் கூட்டத்துக்குக் கடிவாளம் போடாமல் விட்ட இடம் ஆறு ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

மற்ற இடங்களில் காட்டுவதற்கு அளவு உண்டு. அந்தப் பாடத்தை அவர்கள் லாஸ்கோவில் படித்தார்கள். 1940 செப்டம்பர் 12 அன்று மோந்திஞாக் ஊருக்கு அருகே நாலு பையன்கள் கண்டெடுத்த ஓவியக் குகை அது. 1948இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். கூட்டம் அம்மியது. மூச்சுக்காற்றின் கரியமிலவாயுவும் ஈரமும் உடல் சூடும் சேர்ந்து சுவரில் பாசி பச்சையாகப் படர்ந்தது, சுண்ணாம்பு வெள்ளையாகப் பூத்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் இருந்ததற்குப் பதினைந்தே ஆண்டில் ஆபத்து. 1963இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ குகையை மூடினார். வருமானம் போகிறதே என்று பார்க்கவில்லை. அதன் பிறகு 1983இல் ஒரு நகல் குகை, 2016இல் இன்னும் பெரிய நகல். நகல் அபாரம், மறுக்கவில்லை. கீறல், வெடிப்பு, குளிர் உள்பட எல்லாம் இருக்கிறது. ஆனால் அங்கே நான் மெச்சியது நம் காலத்துக் கைவேலையைத்தான்.

அசலைப் பார்க்க லெசெசியிலேயே ஃபோன் த கோம் இருக்கிறது. 1901இல் இதன் ஓவியங்களை உலகுக்குச் சொன்னவர் உள்ளூர்ப் பள்ளி வாத்தியார் தெனி பெரோனி. பல வண்ணத்தில் தீட்டிய ஆதி ஓவியங்கள், பொதுமக்கள் இன்னும் நேரில் பார்க்கக்கூடிய நிலையில், இந்த நாட்டில் இங்கேதான் எஞ்சியிருக்கின்றன. ஒரு தடவைக்குச் சில பேர்தான். பையை வெளியே வைத்துவிட வேண்டும். படம் எடுக்கக் கூடாது. தோள் உரசும் சந்தில் சுவரைத் தொடாமல் நடக்க வேண்டும்.

வழிகாட்டிப் பெண்மணி முதலில் விளக்கை நேராக அடித்தார். காவி படிந்த பாறை, வேறொன்றும் இல்லை. "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லி விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தினார். பாறையின் புடைப்பு ஒன்று வயிறாக மாறியது. அதன் மேல் திமில், இந்தப் பக்கம் குனிந்த தலை, கொம்பு, குட்டையான முன்னங்கால். காட்டெருமை. ஓவியன் எருமையை வரைந்துவிட்டுப் பாறையில் ஒட்டவில்லை. பாறையில் ஏற்கெனவே இருந்த வயிற்றைப் பார்த்த பிறகுதான் மிச்சத்தைத் தீட்டியிருக்கிறான். இன்னும் உள்ளே ஒரு கலைமான் குனிந்து, எதிரே மண்டியிட்ட பெட்டையின் நெற்றியை நக்குகிறது. நாக்கு ஒரு மெல்லிய கீறல், அவ்வளவே. பக்கத்திலேயே முந்தைய நூற்றாண்டுகளின் உல்லாசப் பயணிகள் தங்கள் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்துக்கு நாடு, இனம் என்று பேதமில்லை போலும்.

சாப்பாட்டுக்கு வருவோம். சைவர்கள் கேட்டுச் சாப்பிடுங்கள். இந்த வட்டாரத்தில் வாத்து நீக்கமற நிறைந்திருக்கிறது. பூண்டு மணக்க, பொன்னிறமாக வறுத்து வரும் உருளைக்கிழங்கைப் பார்த்து நம்பி விடாதீர்கள், வறுத்தது வாத்துக் கொழுப்பில். திங்கட்கிழமை லெசெசிச் சந்தையில் வால்நட், வட்ட வட்டமான சின்ன ஆட்டுப்பால் சீஸ், பருவத்தில் ஸ்ட்ராபெரி எல்லாம் கிடைக்கும். இவற்றோடு ஒரு ரொட்டியும் இருந்தால் ஆற்றங்கரையில் மதியச் சாப்பாடு முடிந்தது.

போக நினைப்பவர்கள் ஜூனிலோ செப்டம்பரிலோ போங்கள். ரயில் உண்டு, ஆனால் குறைவு, கால அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை பல கடைகள் மூடியிருக்கும். ஃபோன் த கோமுக்கு மட்டும் விமான டிக்கெட் எடுத்த கையோடு முன்பதிவு செய்துவிடுங்கள். இடமில்லை என்று சொல்லிவிட்டால் ஆளைப் பிடித்து, சிபாரிசு வைத்து உள்ளே நுழைகிற வழியெல்லாம் அங்கே செல்லாது.