ரிப்பேர் மேசையில் தெரிவது

சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் விற்கிற கடைகளைவிட, அதைப் பிரித்துப் போடுகிற மேசைகளையே நான் அதிகம் கவனிக்கிறேன். யாருக்கு எந்த மெஷின் பொருந்தும் என்பது விற்கிறவரைவிடப் பழுது பார்க்கிறவருக்கே நன்றாகத் தெரிகிறது. கடையில் முதல் கேள்வி, "பட்ஜெட் எவ்வளவு சார்?" மேசையில், "என்ன வேலைக்கு வெச்சிருக்கீங்க?" ஆன் ஆகாத லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, விசிறித் தூசியை பிரஷ்ஷால் தள்ளி, ரேமை உருவி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகுகிறார்கள். சில மெஷின்கள் அந்தத் தேய்ப்பிலேயே எழுந்துவிடும். 'ரொம்ப ஸ்லோ' என்று வருபவை வேறு ரகம். பழி ப்ராசஸர்மேல் விழும். குற்றவாளி பெரும்பாலும் ஹார்டு டிஸ்க். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டில் ஒரு துண்டுத் தகவலைத் தேடிப் பிடிக்க 10 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். சுழல எதுவுமே இல்லாத எஸ்.எஸ்.டி. அதை 0.1 மில்லிசெகண்டு அளவில் முடித்துவிடும். விண்டோஸ் திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான தேடல்கள் நடக்கின்றன.

ப்ராசஸர் ஸ்டிக்கரை நம்பி வாங்குகிறவர்கள் ஏமாறுவதும் இதே அறியாமையால்தான். 2016இல் வந்த இன்டெல் ஐ7-7500யூ-வில் 2 கோர்; அடுத்த ஆண்டு வந்த ஐ5-8250யூ-வில் 4. பெரிய எண்ணுக்குப் பணம் கொடுத்தவரிடம் இருப்பது சின்ன மெஷின். டேலியில் கணக்கெழுதும் அலுவலகத்துக்கு 8 ஜி.பி. ரேமும் எஸ்.எஸ்.டி.யும் நல்ல யு.பி.எஸ்ஸும் தாராளம். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவருக்கோ கிராஃபிக்ஸ் கார்டும், மணிக்கணக்கில் சூடு தாங்கும் உடம்பும் வேண்டும். முன்னவர் கேமிங் மெஷின் வாங்குவதும் பின்னவர் மெல்லிய லேப்டாப் வாங்குவதும் ஒரே தவறுதான்.

ரிப்பேர்காரர் தன் பிழைப்புக்காகப் பழசைத் தூக்கிப் பிடிக்கிறார் என்பார்கள். இருக்கலாம், ஆனால் அவர் சொல்வதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டி நிற்க, ப்ராசஸர் சும்மா இருந்தால் அவர் சொன்னது சரி. இதைவிட வலுவான ஆட்சேபம் விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெலில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறைக்குக் கீழே ஏற்பதில்லை. ஆகவே எஸ்.எஸ்.டி. போடுவதற்கு முன் தலைமுறையைப் பார்க்க வேண்டும். ஜி.எஸ்.டி.யும் பேங்க் வேலையும் நடக்கும் மெஷின் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. பிள்ளைகள் டைப் அடித்துப் பழகும் மெஷினில் லினக்ஸ் போட்டால் இன்னும் சில ஆண்டு ஓடும்.

ரிப்பேர் மேசையும் கைவிரிக்கிற இடம் ஒன்று உண்டு. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். பிறகு கூட்ட வழியில்லை. அப்படிப்பட்டதை வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பதற்கு முன், ஸ்லாட் உண்டா என்று கேட்பதும், இல்லையென்றால் 16 ஜி.பி.யாகவே எடுப்பதும்தான் புத்திசாலித்தனம்.