நாயிவாலா சந்தில் முப்பத்தெட்டுப் பற்கள்

டில்லித் தமிழர்களுக்குக் கரோல்பாகை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. அரசாங்க உத்தியோகத்தின் பொருட்டு வடக்கே வந்த நம்மவர்களில் எத்தனையோ குடும்பங்கள் பெட்டி படுக்கையை முதன்முதலில் இறக்கிய இடம் அதுதான். காப்பிப் பொடிக்கும் அப்பளத்துக்கும் வெற்றிலைக்கும் அங்கே போய் வந்த நினைவு இல்லாத வீடு நம்மிடையே குறைவு. ஆனால் அஜ்மல்கான் சாலையின் ஜவுளிக் கூட்டத்தை விட்டுச் சற்று விலகி நடந்தால், இரும்பும் எண்ணெயும் மணக்கும் வேறோர் உலகம் அதே கரோல்பாகில் இருக்கிறது. நாயிவாலா என்பது அதன் பெயர். சிறு வயதில் நாங்கள் அதை ‘நாய் வால்’ என்றே எண்ணிச் சிரித்ததுண்டு. ஹிந்தியில் நாயி என்றால் நாவிதர் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

இன்று அங்கே கத்தி, கத்தரிக்கோல் ஒலி கேட்பதில்லை. சுத்தியல் ஒலிதான் கேட்கிறது. இருபுறமும் மோட்டார் சைக்கிள் கடைகள். தலைக்கவசங்கள் பூசணிக்காய்போல் தொங்குகின்றன. லடாக்குக்கும் மணாலிக்கும் நெடும்பிரயாணம் புறப்படும் இளைஞர்கள் புல்லட் வண்டிகளை வாடகைக்கு எடுப்பதும், மலைக்கு வேண்டிய உதிரிப் பாகங்களை வாங்கிக் கட்டிக்கொள்வதும் இந்தச் சந்துகளில்தான்.

நாங்கள் சென்றது லடாக் போவதற்காக அன்று. எங்கள் தந்தையார் 1984-ஆம் ஆண்டு வாங்கிய புல்லட் வண்டியின் பின்சக்கரத்துக்கு ஒரு பழைய டிரம் தேடிச் சென்றோம்.

அந்த வண்டியும் நம்மைப்போல் தெற்கேயிருந்து வந்ததுதான். இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக இங்கிலாந்திலிருந்து புல்லட் வண்டிகளைத் தருவித்ததும், அதைத் தொடர்ந்து 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து சென்னையில் தொழில் தொடங்கியதும் பலருக்குத் தெரிந்திருக்கும். திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவான வண்டிகள் இந்தியா முழுவதும் பரவின. இங்கிலாந்தில் அந்த நிறுவனம் மறைந்த பிறகும் திருவொற்றியூரில் உற்பத்தி நிற்கவில்லை. “நானும் இதுவும் ஒரே ஊர்க்காரர்கள்” என்று தந்தையார் அதைத் தட்டிக்கொடுத்துச் சொல்வது வழக்கம்.

பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்கள் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது வீட்டில் பெரிய விவாதம் எழுந்தது. தந்தையார் அப்போது காலமாகிவிட்டார். எங்களில் இளையவர் டேராடூனில் வேலையில் இருப்பவர். உரிய சான்றுகளைப் பெற்று வண்டியை அவர் பெயருக்கு மாற்றி அங்கே அனுப்பிவைத்தோம். அம்மா ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: “ஓடுகிற வரையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடாமல் மூலையில் கிடந்து துருப்பிடிக்கும் என்றால் விற்றுவிடுங்கள். அதைப் பார்க்க என்னால் முடியாது.”

சென்ற குளிர்காலத்தில் அந்த நிபந்தனைக்கே சோதனை வந்தது. டேராடூனிலிருந்து மசூரி ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் சாலை 1,300 மீட்டருக்குமேல் உயர்கிறது. இளையவர் தம் மகளைப் பின்னால் அமர்த்திக்கொண்டு ஏறும்போது, ஒரு வளைவில் பின்சக்கரத்திலிருந்து ‘கடக்’ என்று ஓசை எழுந்து வண்டி ஒரு கணம் தடுமாறியது. செயின் ஒரு பல்லைத் தாண்டிக் குதித்திருக்கிறது. அன்று குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. செயின் கழன்று சக்கரத்தில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் புல்லட்டின் பின்பக்க அமைப்பைப் பற்றிச் சிறிது விளக்குவது நலம். எஞ்சினின் விசை கியர் பெட்டிக்கு வந்து, அங்குள்ள சிறு பல்சக்கரத்திலிருந்து செயின் வழியாகப் பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. சைக்கிளில் இருப்பதுதான், அளவு மட்டும் பெரிது. மற்ற வண்டிகள் பலவற்றில் இந்தப் பெரிய பல்சக்கரத்தை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். பழைய புல்லட்டில் அப்படியில்லை. பல்சக்கரமும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு. விளிம்பில் 38 பற்கள். உட்புறம் பிரேக் கட்டைகள் உராயும் 6 அங்குல வட்டம். பற்கள் தேய்ந்தால் டிரம்மையே மாற்ற வேண்டும். டிரம்முக்கும் சக்கரத்தின் நடுக்குடத்துக்கும் இடையே ரப்பர்த் துண்டுகள் அமர்ந்து, விசையின் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும்.

புது டிரம் கிடைக்காதா என்று நேயர்கள் கேட்கலாம். கிடைக்கிறது. ஆனால் பெயரில்லாப் பட்டறைகளில் செய்தவற்றில் சில வட்டம் பிசகியிருக்கும். ஒருபுறம் செயின் இறுகினால் மறுபுறம் தொளதொளக்கும். நல்ல நிலையிலுள்ள பழைய அசல் டிரம் அதைவிட மேல் என்பது அனுபவசாலிகளின் கருத்து. நாங்களும் அதையே நாடினோம்.

முதலில் நாங்கள் செய்த தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள ஆண்டைச் சொல்லி, ‘1984 புல்லட் டிரம்’ என்று கேட்டு வாங்கி, டேராடூனுக்குப் பஸ்ஸில் அனுப்பினோம். அது பொருந்தவில்லை. பற்கள் சரி, ரப்பர் அமரும் அறைகள் ஒவ்வவில்லை. விசாரித்துப் பார்த்ததில், எப்போதோ ஒரு மெக்கானிக் சக்கரத்தின் நடுக்குடத்தையே வேறு வண்டியிலிருந்து எடுத்து மாட்டியிருப்பது தெரியவந்தது. நாற்பது ஆண்டு ஓடிய வண்டி, பதிவுச் சான்றில் உள்ளபடியே இருக்கும் என்று எதிர்பார்த்தது எங்கள் பேதைமை. காகிதத்தில் உள்ள ஆண்டு வண்டி பிறந்த கதையைத்தான் சொல்லும். அதன்பின் அது வாழ்ந்த கதையை இரும்புதான் சொல்லும்.

ஆகவே இரண்டாம் முறை இளையவர் தேய்ந்த டிரம்மையே கழற்றித் தந்தையாரின் பழைய வேட்டி ஒன்றில் சுற்றி, ரப்பர்த் துண்டு ஒன்றையும் செயினில் ஒரு துண்டையும் உடன் வைத்து, டில்லிக்கு எடுத்து வந்தார்.

காலையில் முதலில் மாயாபுரிக்குச் சென்றோம். நம் சென்னையின் புதுப்பேட்டையைப் பார்த்தவர்கள் அதைப் பன்மடங்கு பெருக்கிக் கற்பனை செய்துகொள்ளலாம். காயலான் கடைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஓரிடத்தில் எங்களுடையதை ஒத்த டிரம் ஒன்று அகப்பட்டது. பற்களும் கூராக இருந்தன. அம்மா சந்தையில் மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பது நினைவுக்கு வந்தது. டிரம்மைக் கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பானரால் தட்டினோம். நல்ல வார்ப்பு மணிபோல் ஒலிக்க வேண்டும். அது ‘தொப்’ என்றது. துடைத்துப் பார்த்தால் மயிரிழைபோல் ஒரு வெடிப்பு. “வெல்டிங் வைத்தால் போயிற்று” என்றார் கடைக்காரர். பிறகு எங்களை மேலும் கீழும் பார்த்து, “எதற்கு இந்தச் சிரமம்? முழு வண்டியையும் கொண்டுவாருங்கள், நல்ல விலை தருகிறேன். பாகம் பாகமாகப் பிரித்தால் பத்துப் பேருக்கு உதவும்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நாங்கள் தேடுவதும் அப்படி யாரோ பிரித்துக் கொடுத்த பாகத்தைத்தானே! ஆயினும் பதில் சொல்லாமல் வந்துவிட்டோம்.

மாயாபுரியிலிருந்து மெட்ரோவில் ஏற, பாதுகாப்புச் சோதனையில் எங்கள் மூட்டை நின்றது. காவல் வீரர் வேட்டியை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்ததும் முகம் மலர்ந்து, “புல்லட்டா?” என்றார். தம் கிராமத்து வீட்டிலும் ஒன்று நிற்பதாகச் சொல்லி எங்களை உள்ளே விட்டார்.

ராஜௌரி கார்டனில் வண்டி மாறிக் கரோல்பாகை அடைந்தபோது நண்பகல். நாயிவாலாவின் ஒரு கிளைச் சந்தில், பத்தடி அகலம்கூட இல்லாத கடையில், முதிய சர்தார்ஜி ஒருவர் அமர்ந்திருந்தார். 1947-இல் மேற்குப் பஞ்சாபிலிருந்து வெறுங்கையுடன் வந்து கரோல்பாகில் வேரூன்றிய குடும்பங்களில் ஒன்று அவருடையது. வேட்டியைப் பார்த்ததுமே, “மதராசிகளா? என் பால்யத்தில் மாடியில் தமிழர்கள்தான் குடியிருந்தார்கள்” என்றார். டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு பற்களைத் தமிழிலேயே எண்ணத் தொடங்கினார்! “ஒண்ணு, ரெண்டு, மூணு...” பத்து வரையில் தடங்கலின்றிச் சென்றது. பதினொன்றிலிருந்து பஞ்சாபிக்கு மாறியது. முப்பத்தெட்டில் முடிந்தது.

பிறகு உள்ளேயிருந்து மூன்று டிரம்களைக் கொணர்ந்து வைத்து, ஆசிரியர் பாடம் நடத்துவதுபோல் எங்களையே சோதிக்கச் சொன்னார். முதலாவது, பற்களின் வடிவம். இருபுறமும் ஒரே சரிவாக இருக்க வேண்டும். ஒருபுறம் குழிந்து அலைபோல் வளைந்திருந்தால் தள்ளிவிட வேண்டும். இரண்டாவது, உட்புறம். பிரேக் உராயும் பகுதியில் நகத்தை வைத்து ஓட்டினால் ஆழ்ந்த வரி தட்டுப்படக் கூடாது. மூன்றாவது, பேரிங் அமரும் குழி. பேரிங் இறுக அமர வேண்டும். விரலால் தள்ளியே உள்ளே போய்விட்டால் அந்த டிரம் பயன்படாது. நான்காவது, நாங்கள் கொண்டுபோன ரப்பரும் செயின் துண்டும். இரண்டும் ஆட்டமின்றிப் பொருந்த வேண்டும். ஐந்தாவது, தட்டிப் பார்க்கும் ஓசை. மூன்றில் ஒன்றுதான் ஐந்திலும் தேறியது.

“டிரம் பழசாக இருக்கலாம், செயின் பழசாக இருக்கலாகாது” என்றார் சர்தார்ஜி. எங்கள் துண்டை விரித்து, செயினின் இருபது கண்ணிகளை அளக்கச் சொன்னார். ஒரு கண்ணிக்கு ஐந்தில் எட்டு அல்ல, எட்டில் ஐந்து அங்குலம். ஆக இருபதுக்கு 12½ அங்குலம் இருக்க வேண்டும். கால் அங்குலம் நீண்டுவிட்டாலே செயின் முடிந்தது என்று கொள்ளலாம். எங்களுடையது அதற்கும் மேல் நீண்டிருந்தது. நீண்ட செயினைப் புதுப் பற்களில் மாட்டினால் அந்தப் பற்களையும் விரைவில் தின்றுவிடும். டிரம், நடுக்குடம், அச்சு ஆகியவற்றைச் சோதித்துப் பழையதாக வாங்கலாம். செயின், ரப்பர், பேரிங் ஆகியவற்றை எப்போதும் புதிதாகவே வாங்க வேண்டும்.

கியர் பெட்டியின் சிறு பல்சக்கரத்தையும் உடன் மாற்றுவது அவசியம் என்றார். 18 பல் உள்ளதைப் போட்டால் சமவெளியில் எஞ்சின் ஓய்வாக ஓடும், பெட்ரோலும் மிச்சமாகும் என்று பக்கத்துக் கடையில் ஒருவர் ஆசை காட்டினார். சர்தார்ஜி, “வண்டி எங்கே ஓடுகிறது?” என்று கேட்டார். மசூரிச் சாலை என்றதும் 16 பல்லைத்தான் எடுத்துக் கொடுத்தார். பல் குறையக் குறைய வேகம் குறையும்; ஏறும் வலிமை கூடும். குழந்தையைப் பின்னால் வைத்துக்கொண்டு மலை ஏறுபவனுக்கு எது வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்கை நாங்கள் பேசாமலே குறைத்துக்கொண்டார்.

தேய்ந்த டிரம்மை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. “விட்டுப் போங்கள். உட்புறம் நன்றாக இருக்கிறது. பற்களைக் கடைசலில் சீவிவிட்டு, புதுப் பல்வட்டம் பொருத்தினால் இன்னொருவருக்கு ஆகும்” என்றார். தந்தையாரின் கால் பட்ட பிரேக் அது. ஒரு கணம் தயங்கினோம். மாயாபுரிக் கடைக்காரர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. விட்டுவிட்டோம். வேட்டியை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டோம்.

மறுவாரம் டேராடூனில் டிரம் சிறிதும் சிரமமின்றி அமர்ந்தது. இரண்டு பல்சக்கரங்களும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தோம். செயினின் தொய்வு ஏறத்தாழ ஓர் அங்குலம் இருக்குமாறு வைத்து, சக்கரத்தைச் சுற்றிப் பல இடங்களில் சரிபார்த்தோம். பூட்டுக் கிளிப்பின் மூடிய முனையைச் செயின் ஓடும் திசையில் வைத்தோம். முதலில் இளையவர் தனியாக மசூரி வரை சென்று திரும்பினார். அதன்பின்னரே மகளுக்கு அனுமதி கிடைத்தது.

அம்மாவுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னோம். “ஓடுகிறதா?” என்று கேட்டார். ஓடுகிறது என்றோம். “சரி, இருக்கட்டும்” என்றார்.

நேயர்களில் எவரேனும் பழைய வண்டிக்குப் பாகம் தேடிப் புறப்பட்டால் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: ஆண்டை எழுதிக்கொண்டு போகாதீர்கள், தேய்ந்த பாகத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நாயிவாலாவில் பொருத்திப் பார்ப்பதற்கு முகம் சுளிப்பவர்களை நாங்கள் காணவில்லை. திரும்பும் வழியில் காப்பிப் பொடி வாங்கவும் மறக்க வேண்டாம்.