புகுந்த வீடும் புகுந்த மொழியும்

மணமாகிச் செல்லும் மகளுக்குப் புகுந்த வீட்டின் வழக்கங்களைச் சொல்லி அனுப்புவது நம் தாய்மாரின் மரபு. குழம்பில் கரைக்கும் புளியின் அளவு முதல் மாமியாரிடம் பேசும் முறை வரை அதில் அடங்கும். டி. கல்லுப்பட்டியைச் சூழ்ந்த கரிசல் ஊர்களில் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் குடும்பங்கள் பல உள்ளமையால் இருமொழி வாழ்வும் நமக்குப் புதிதன்று. ஆயினும் நம் பெண்கள் சிலர் இன்று புகும் வீடு ஜெர்மனியில் இருக்கிறது. அங்கே மாமியாருக்கு முன்பாக அவர்களை எதிர்கொள்வது மொழி.

2007 ஆகஸ்டு இறுதியில் நடைமுறைக்கு வந்த ஜெர்மானியச் சட்டத்தின்படி, அங்கு வாழும் தம் வாழ்க்கைத் துணையுடன் சேர விழையும் அயல்நாட்டவர், புறப்படுமுன்பே ஜெர்மன் மொழியின் தொடக்க அறிவைப் பெற்றிருக்க வேண்டும். நீல அட்டை பெற்ற வல்லுநரின் துணைவர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. மற்றவர் ஏ-1 என்னும் முதல்நிலைத் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கிலும் சேர்த்து நூற்றுக்கு 60 மதிப்பெண் பெற வேண்டும். திருமண அருட்சாதனத்தில் இணைந்த இருவர் ஓர் இலக்கணத் தேர்வின்பொருட்டுப் பிரிந்திருப்பதைக் காணும்போது பங்குக்குருவின் உள்ளம் நோகத்தான் செய்கிறது.

எம் பங்குப் பெண் ஒருத்தி அவ்வாறு காத்திருந்தாள். கற்றவற்றை அவ்வப்போது எனக்கும் சொல்வாள். ஜெர்மனில் பெயர்ச்சொற்களுக்கு மூன்று பால்கள். கதிரவன் பெண்பால்; நிலவு ஆண்பால்; சிறுமியைக் குறிக்கும் சொல்லோ இரண்டும் அல்லாத பால்! சிறியது என்னும் பொருள் தரும் விகுதியை ஏற்ற சொற்களுக்கு அதுவே விதி. "பெண்பிள்ளையை அஃறிணையாக்கிவிட்டார்களே, சாமி!" என்று சிரித்தாள்.

வேறொன்று அவளைச் சிரிக்க விடவில்லை. நம் 'நீ', 'நீங்கள்' போல அங்கும் 'டூ', 'ஸீ' என இரு சொற்கள் உண்டு. ஆனால் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் 'டூ' என்றே அழைப்பர். நம் வீடுகளில் கணவர் 'நீ' என்பார். மனைவி 'நீங்கள்' என்பாள். "அவரைப் போய் எப்படிச் சாமி 'டூ' என்பது?" என்று தயங்கினாள். வானகத் தந்தையையும் ஜெர்மானியர் அதே சொல்லால்தான் அழைத்து மன்றாடுகின்றனர் என்றேன். அது மரியாதைக் குறைவன்று, நெருக்கம். இல்லறத்தில் மனைவி கணவருக்குச் சமமானவள் என்று நாம் மறையுரையில் சொல்லி வருவதை, அம்மொழி ஒரு சிறு சொல்லால் அவளுக்கு உணர்த்திவிட்டது.

தேர்வில் வென்று சென்றவள் அங்கே ஊமையானாள். பாடநூலின் மொழி வேறு; அண்டை வீட்டாரின் வட்டார வழக்கு வேறு. தன் வயிற்றுவலியைக்கூட மருத்துவரிடம் கணவரே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் நல்லவர். ஆயினும் வலி அவளுடையது, சொல் அவருடையது. அந்நாட்டரசு 2005 முதல் நடத்திவரும் ஒருங்கிணைப்பு வகுப்பில் இன்று மொழிக்கு 600 பாடவேளைகளும், சட்டம், வரலாறு, பண்பாட்டுக்கு 100 பாடவேளைகளும் உள்ளன. அதில் சேர்ந்த பின்பே அவள் வாய் திறந்தது.

"மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார்" என்று பெற்றோர் சொல்வதைக் கேட்கிறேன். எல்லா மாப்பிள்ளைகளும் நல்லவராக அமைவதில்லையே! ஆபத்தில் 112 என்னும் எண்ணை அழைத்தாலும், நேர்ந்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டியவள் அவளே. தற்சார்புப் பொருளியலைப் போதித்த ஜே. சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த காந்தி நிகேதன் நம் ஊரில்தான் இருக்கிறது. பிறர் நாவை நம்பி வாழாதிருப்பதும் தற்சார்பே அன்றோ?

நம் மண்ணுக்கு வந்த மறைப்பணியாளரும் இப்பாதையில் நடந்தவர்களே. 1606-இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி தமிழும் வடமொழியும் கற்றார். வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியைத் தரும் அளவுக்குத் தமிழில் தேர்ந்தார். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியராகிய சீகன்பால்கு, பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து நம் எழுத்துகளைக் கற்றார். முதிர்ந்தவர் மீண்டும் குழந்தையாகும் தாழ்ச்சி அது. ஆனால் அவர்களுக்கு ஆசிரியர் இருந்தனர்; கற்பதே பணியாகவும் இருந்தது. நம் பெண்ணோ சமையலுக்கும் தனிமைக்கும் இடையே கற்கிறாள்.

பெந்தகோஸ்து நாளில் தூய ஆவியார் எருசலேமுக்கு வந்த அயலாரை ஒரு மொழி கற்குமாறு பணிக்கவில்லை. அவரவர் மொழியில் பேசும் கடமையைத் திருத்தூதர்மீது சுமத்தினார். மொழி தெரிந்தவரே தெரியாதவரை நோக்கி முதல் அடி வைக்க வேண்டும் என்பதே இதன் பொருள். ஆகவே, அங்கு வாழும் மருமக்களே! நாள்தோறும் அரைமணி நேரம் மனைவியோடு அம்மொழியில் பேசுங்கள். பிழையைக் கேட்டு நகையாதீர்கள். மருத்துவரிடம் அவளே பேசட்டும். தடுமாறும்போது மட்டும் துணை நில்லுங்கள். பெற்றோரே! நகைக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை மகளின் மொழிப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

1642 முதல் துயருற்றோரின் தேற்றரவாளராக மரியன்னை வணங்கப்படும் கெவெலார் திருத்தலத்தில், ஜெர்மனிவாழ் தமிழர் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் கூடுகின்றனர். அங்கே நம் மகள் அன்னையிடம் தமிழில் அழட்டும். திரும்பும் வழியில் தொடர்வண்டிச் சீட்டைத் தானே ஜெர்மனில் கேட்டு வாங்கட்டும். இரண்டையும் அந்தத் தாய் விரும்பியே கேட்பாள்.