22 டயர்கள்

கொள்கலன் இழுக்கும் டிரெய்லர் லோரிக்கு எத்தனை டயர்கள் என்று கேட்டால் பலர் பத்து என்பார்கள். சிலர் துணிந்து பதினான்கு என்பார்கள். அடுத்த முறை கிள்ளான் துறைமுகச் சாலையில் நெரிசலில் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் நிற்கும் வண்டியை எண்ணிப் பாருங்கள். முன்னால் இழுக்கும் பிரைம் மூவருக்கு 10, பின்னால் மூன்று அச்சு டிரெய்லருக்கு 12. மொத்தம் 22. ஸ்பேர் தனி. காருக்கு நான்கு டயர் மாற்றவே போனஸ் வரட்டும் என்று காத்திருக்கிற குடும்பங்கள் நம்முடையவை. அந்த லோரிக்காரர் எதற்குக் காத்திருப்பார்?

நான் குடியிருப்பது பிரிக்பீல்ட்ஸ் என்றாலும் பிழைப்பு கிள்ளானில். மேரு, காப்பார் பக்கம் ஒன்று, இரண்டு, மிஞ்சிப்போனால் ஐந்து லோரி வைத்திருக்கும் சிறு நிறுவனங்களுக்குப் பதினொரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். மாதக் கடைசியில் பிஸ்கட் டின்னிலும் பிளாஸ்டிக் பையிலும் ரசீதுகள் வரும். பாதியில் கிரீஸ் கறை. எனக்கு ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றத் தெரியாது. ஆனால் மூன்று மாத ரசீதுகளை வரிசையாக அடுக்கினால் எந்த வண்டி எப்போது படுக்கும் என்று ஓரளவு சொல்லிவிடுவேன்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் பெரியம்மாவிடமிருந்து போன். அவருடைய இளைய மகன், எனக்குத் தம்பி முறை, பதினான்கு ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். ஆட்குறைப்பில் கொஞ்சம் இழப்பீடு கிடைத்திருக்கிறது. கனரக வண்டி ஓட்டும் ‘இ’ லைசென்ஸும் ஜிடிஎல்லும் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறான். இப்போது பழைய பிரைம் மூவர் ஒன்றை வாங்கப் போகிறானாம். 12 வருட வண்டி, டிரெய்லரோடு சேர்த்து 95,000 ரிங்கிட் என்கிறார்களாம். “கையில இருக்குற அவ்ளோ காசையும் கொட்டுறான்மா. ரெண்டு பிள்ளைங்க இருக்கு. நீ கணக்கு பாக்குறவ, நீ சொன்னா கேப்பான்” என்றார் பெரியம்மா.

வாங்காதே என்று சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார். எனக்கு அப்படிச் சொல்ல மனமில்லை. லோரித் தொழிலில் முன்னுக்கு வந்த நம்மவர்களையும் பார்த்திருக்கிறேன், வண்டியை விற்றும் கடன் தீராதவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு தரப்புக்கும் வண்டி ஏறக்குறைய ஒரே வயதுதான்.

தம்பியை வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்ததும் அவன் கேட்டது, எல்லாரும் கேட்பது: “அக்கா, ரிப்பேருக்கு மாசம் எவ்ளோ ஆகும்?”

அதற்குப் பதிலாக மேருவில் உள்ள என் வாடிக்கையாளர் ஒருவரின் கதையைச் சொன்னேன். ஒரே வண்டி, அவரே ஓட்டுநர். என்ஜின் வாட்டர் பம்பில் சொட்டுச் சொட்டாகக் கசிவு. மாற்ற 600 ரிங்கிட் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். அந்த மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற மாதம். தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டினார். மூன்றாவது வாரம், சரக்கோடு தெற்கே போகும்போது சிரம்பான் தாண்டி என்ஜின் சூடேறி நின்றுவிட்டது. சிலிண்டர் ஹெட் வளைந்து போயிற்று. பட்டறை பில் 11,400 ரிங்கிட். லோரியை இழுத்து வர 1,800. கொள்கலனை இன்னொரு வண்டியில் ஏற்றி அனுப்பிய செலவு வேறு. இவை என் புத்தகத்தில் ஏறிய எண்கள். ஏறாதது, வண்டி பட்டறையில் கிடந்த ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் அவர் வழக்கமாகச் சரக்கு எடுக்கும் இடத்தில் வேறு ஆள் புகுந்துவிட்டார். மாதக் கடைசியில் டின்னை நீட்டியபடி, “தங்கச்சி, வரவு பக்கம் இந்த மாசம் எழுத ஒண்ணும் இல்ல” என்று அவர் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. வங்கித் தவணைத் தேதி மட்டும் தவறாமல் வந்தது.

600 ரிங்கிட் வேலை அது. அவர் அலட்சியக்காரர் இல்லை. வீட்டுச் செலவும் வண்டிச் செலவும் ஒரே சட்டைப் பையிலிருந்து போனது. பிள்ளையின் சீருடையா, வாட்டர் பம்பா என்று வந்தால் எந்த அப்பாவும் சீருடையைத்தான் வாங்குவார்.

என் தாத்தா ரயில்வேக்காரர். செந்தூல் பணிமனையில் வேலை, பிரிக்பீல்ட்ஸில் குவார்ட்டர்ஸ். கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் இணைத்து 1886இல் ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து, லோரிகள் வருகிற வரை துறைமுகச் சரக்கு அந்தப் பாதையில்தான் போனது. பணிமனைக்கு என்ஜின் கெட்டுப் போய் வருவதைவிட, கெடுவதற்கு முன்னால் முறைப்படி வருவதுதான் அதிகம் என்பார் தாத்தா. நன்றாக ஓடுகிற என்ஜினைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பார்களாம். அதற்குக் காசு யார் கொடுப்பது என்ற கேள்வி அவருக்கு வந்ததில்லை, அரசாங்கம் கொடுத்தது. இன்று பெரிய போக்குவரத்து நிறுவனங்கள் அதே முறையில்தான் வண்டிகளைப் பராமரிக்கின்றன. ஒரு வண்டி உள்ளே போனால் இன்னொன்று வெளியே போகும். ஒற்றை வண்டிக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவர் பட்டறைக்குப் போகிற நாள் வருமானம் இல்லாத நாள், ஆகவே தள்ளிப் போடுகிறார். சிறு நிறுவனங்கள் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பழைய வண்டி நல்லதா, புது வண்டி நல்லதா? இதில் ஆளுக்கொரு கட்சி உண்டு. கிள்ளானில் ஒரு மாமாக் கடையில் ஹீனோ, வோல்வோ, ஸ்கேனியா என்று பேச்சை எடுத்துக் கொடுத்துவிட்டு டீ குடித்தால் பொழுது போவதே தெரியாது. நான் பில்லை வைத்துச் சொல்கிறேன். பழைய என்ஜின்களில் டீசல் பம்ப் இயந்திர முறையில் இயங்குவது. கிள்ளானில் அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கைகள் நிறைய இருக்கின்றன, ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பழைய உதிரிபாகங்களும் கிடைக்கும். பில் சிறியது, ஆனால் அடிக்கடி வரும். புதிய என்ஜின்களில் மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் காமன் ரயில் முறை, கட்டுப்படுத்துவது கணினி. அபூர்வமாகத்தான் தொல்லை தரும். தந்தால் ஒரு இன்ஜெக்டரே ஆயிரக்கணக்கில். ஆறு சிலிண்டர் என்றால் ஆறு இன்ஜெக்டர். தண்ணீரோ தூசியோ கலந்த டீசலை அவை தாங்கா. வடிகட்டியை நேரத்துக்கு மாற்றாமல் நூறு, இருநூறு மிச்சம் பிடிக்கிறவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள்.

வேலை எது என்பதையும் பார்க்க வேண்டும். பூலாவ் இண்டாவிலிருந்து ஷா ஆலாமுக்குக் கொள்கலன் இழுப்பது குறுகிய ஓட்டம். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து கிளட்ச்சும் பிரேக் லைனிங்கும் தேயும். நடுவில் நின்றாலும் மெக்கானிக் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்துவிடுவார். அதற்குப் பழைய வண்டி போதும் என்பது என் கட்சி. இரவோடு இரவாக ஜோகூர் போய்த் திரும்புகிற வேலைக்கு அதே வண்டியை நம்பினால், நெடுஞ்சாலை ஓரத்தில் முக்கோணப் பலகையை வைத்துவிட்டு விடியும்வரை உட்கார வேண்டியிருக்கும்.

டீசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியது நினைவிருக்கும். சரக்கு வண்டிகளில் 23 வகைகளுக்கு ஃப்ளீட் கார்டு வழியாக 2.15 விலையிலேயே கொடுத்தார்கள். உரிமப் பத்திரங்கள் ஒழுங்காக இருந்தவர்கள் தப்பினார்கள். ஒழுங்கில்லாதவர்கள் பாடு திண்டாட்டம். சரக்கோடு போகும் டிரெய்லர் லிட்டருக்கு 2 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜோகூர் பக்கம் 350 கிலோமீட்டர் என்றால் 175 லிட்டர். கார்டு இல்லாதவருக்கு அன்றைய விலையில் ஒரு வழிக்கு மட்டும் 210 ரிங்கிட் கூடுதல்.

அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோதுதான் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். உடனே இன்னொன்றையும் சொன்னேன். மாதம் 6,000 கிலோமீட்டர் ஓடினால் 3,000 லிட்டர். இன்ஜெக்டர் தேய்ந்தோ, டர்போ சோர்ந்தோ, டயரில் காற்றுக் குறைந்தோ வண்டி பத்து விழுக்காடு கூடக் குடித்தால் 300 லிட்டர் வீண். கார்டு விலையிலேயே 645 ரிங்கிட். செய்யாமல் விட்ட ரிப்பேர் சும்மா கிடப்பதில்லை, டீசல் பில்லாக வேறு பெயரில் மாதாமாதம் வந்துகொண்டேதான் இருக்கும். அதனால்தான் என் வாடிக்கையாளர்களிடம் பட்டறை ரசீதைவிட டீசல் ரசீதை முதலில் கேட்பேன்.

டயருக்கும் இதே கதைதான். செலுப் டயர் என்று நாம் சொல்கிற, மேல்தோல் புதிதாக ஒட்டிய டயர்கள் பாதி விலைக்கே கிடைக்கும். டிரெய்லருக்குப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஸ்டீயரிங்கோடு திரும்புகிற முன் இரண்டுக்கும் புதுசு போட முடியாதவர் அந்த மாதம் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

வர்த்தக வண்டிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போயாக வேண்டும். பரிசோதனைக்கு முந்திய வாரம் பில்கள் குவியும். பிறகு ஐந்து மாதம் அமைதி. வண்டிக்கு நல்லது செய்ய நினைக்கிறவர் அந்த ஐந்து மாதத்தில் என்ன செய்கிறார் என்பதை நான் பார்ப்பேன். என் சித்தப்பா முப்பது ஆண்டுகள் டிரெய்லர் ஓட்டியவர். காலையில் சாமி கும்பிட்டுவிட்டு முதலில் செய்வது, வண்டிக்கு அடியில் குனிந்து காற்றுத் தொட்டியின் வால்வைத் திறந்துவிடுவது. உஸ்ஸென்று காற்றோடு தண்ணீரும் வரும். நம் ஊர் ஈரக்காற்றை அழுத்தினால் தொட்டிக்குள் தண்ணீர் தங்கும், அது பிரேக் வால்வுகளுக்குள் போனால் துருப்பிடிக்கும். ஒரு சென் செலவில்லாத வேலை. இன்று எத்தனை பேர் குனிகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் காலை ஆறு மணிக்குத் தெலுக் கோங் பக்கம் போய்ப் பாருங்கள்.

2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரியும் கலகத் தடுப்புப் போலீசாரின் லோரியும் மோதி ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். அந்த வாரமும் அடுத்த வாரமும் எனக்கு வந்த ரசீதுகளில் ஸ்டீயரிங் வேலையும் பிரேக் வேலையும்தான் அதிகம். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, பயம்தான். இரண்டு மாதம் போனதும் ரசீதுகள் பழையபடி மெலிந்தன. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மேருக்காரரின் ஒன்பது நாள் அவருடைய நட்டம். பிரேக்கைத் தள்ளிப் போட்டால் அந்த நட்டம் முன்னால் கபசாய் மோட்டாரில் போகிற யாரோ ஒருவருடைய வீட்டுக்குப் போய்ச் சேரும்.

தம்பியிடம் மூன்று விஷயம் கேட்டேன். பெர்மிட் உன் நிறுவனத்தின் பேரிலா, வேறொருவருடையதை வாடகைக்கு எடுக்கப் போகிறாயா? வாடகைப் பெர்மிட் சட்டத்துக்குப் புறம்பானது, எந்த நாளும் வண்டி நிற்கலாம். அவன் முறைப்படி விண்ணப்பித்து, கிடைத்த பிறகே முன்பணம் கொடுத்தான். இரண்டாவது, விற்பவருக்கு வேண்டிய மெக்கானிக்கா வண்டியைப் பார்த்தது? அவன் வேறு ஆளைக் கூட்டிப் போனான். கிங்பின் தேய்மானம், டிரெய்லர் சட்டத்தில் ஒட்டுப் போட்ட வெடிப்பு என்று இரண்டு தெரியவந்தது. 95,000 என்றவர் 83,000க்கு இறங்கினார். மூன்றாவது, மிச்சமாகிற பணத்தை என்ன செய்வாய்? “வீட்டுக்குக் கூரை போடணும்க்கா” என்றான். கூரை அடுத்த ஆண்டு போடலாம், முதலில் வண்டி பேரில் தனிக் கணக்கைத் திற என்றேன். ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 40 சென். வாடகைப் பணம் வந்த அன்றே அதில் போட வேண்டும், வீட்டில் யாருக்கு என்ன தேவை என்றாலும் தொடக் கூடாது. கார்டு அவன் மனைவியிடம். இதை அவனே ஒத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியம்தான்.

ஏப்ரலில் வண்டி ஓடத் தொடங்கியது. துறைமுகம், ஷா ஆலாம், சில நாள் பூச்சோங். மாதம் ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர், ஆகவே மாதம் 2,000 ரிங்கிட் அந்தக் கணக்குக்குப் போனது. ஐந்து மாதத்தில் என்ஜின் எண்ணெய், வடிகட்டிகள், பிரேக் லைனிங், முன்னால் இரண்டு புது டயர் என்று 4,900 செலவு. செப்டம்பர் தொடக்கத்தில் கிளட்ச் நழுவ ஆரம்பித்திருக்கிறது. அன்று மாலையே பட்டறையில் விட்டான். பில் 4,350.

பெரியம்மாவுக்கு மருமகள் கணக்கைக் காட்டியிருக்கிறாள். மறுநாள் எனக்குப் போன். “பத்தாயிரம் போட்டதுல எழுநூத்தி அம்பதுதான் மிச்சமாமே? எல்லாத்தையும் வண்டியே தின்னுடுச்சே!”

“வண்டி எங்க பெரியம்மா?”

“அது நேத்தே ஓடப் போயிடுச்சு.”