யாருக்குக் கொழுப்பு?

ஆங்கிலத்தில் ‘சீக்’ என்றால் கன்னம். சின்ன வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். அந்தக் கன்னத்துக்கு இன்னொரு அர்த்தம் வாய்த்துடுக்கு. எதிர்த்துப் பேசுகிற பையனைப் பார்த்து, ‘என்ன கன்னம்டா உனக்கு!’ என்கிறான் வெள்ளைக்காரன். நாக்கைக் கன்னத்துக்குள் வைத்துக்கொண்டு பேசினால் கிண்டல். ‘சீக்கி’ என்று கொஞ்சினால் செல்லக் குறும்பு. கன்னமாவது பரவாயில்லை, உதடு, நரம்பு, பித்தம் என்று பாதி உடம்பையே திமிருக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாம் மட்டும் என்ன சளைத்தவர்களா? வாய்க்கொழுப்பு, தலைக்கனம், நெஞ்சழுத்தம்... கோயமுத்தூரில் அதுவே கொஞ்சம் இனித்தால் குசும்பு, மதுரையில் லந்து. எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் சுத்தி வளைக்க மாட்டோம். ஒரே வார்த்தை: ‘கொழுப்பு’!

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் டெபிட், கிரெடிட்டாகத்தான் தெரியும். மேனேஜர் மேஜையைத் தட்டிப் பேசினால் ‘என்னா பர்சனாலிட்டி சார்!’ ஆபீஸ் பையன், ‘சம்பளம் எப்ப சார் வரும்?’ என்று கேட்டால் ‘கொழுப்பைப் பாத்தியா!’ சரக்கு ஒன்றுதான். மேலே இருக்கிறவன் கணக்கில் வரவு, கீழே இருக்கிறவன் கணக்கில் பற்று.

கருணாபுரம் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பார்த்தேன். மூட்டை இறக்கிய ஒருவர், ‘பேசின கூலில நூறு ரூபா குறையுதே, சார்’ என்றார். அவ்வளவுதான். வெள்ளைச்சட்டைக்காரர் என் பக்கம் திரும்பி, ‘பாத்தீங்களா கொழுப்பை?’ என்றார். நானும் பார்த்தேன். விலா எலும்பை எண்ணலாம். லேப்பில் ரத்தம் கொடுத்தாலும் கொழுப்பு என்று ஒன்றும் தேறாது. வெள்ளைச்சட்டையின் பித்தான்தான் தொப்பையில் திணறிக்கொண்டிருந்தது.

இதே கருணாபுரத்தில்தான் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பெரும்பாலும் தினக்கூலிகள். பெண்களும் உண்டு. அடுத்தடுத்த வீட்டு வாசலில் சாமியானா. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று அரசு அறிவித்தது. உடனே டிபன் பாக்ஸைத் திறந்தபடி நம்ம ஆட்கள் கேட்ட கேள்வி: ‘குடிச்சுக் கொழுப்பெடுத்து செத்தவனுக்கு என் வரிப்பணமா?’

விஷத்தைக் கலந்தவனுக்கு, வாங்கி விற்றவனுக்கு, தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தவனுக்கு இந்த வார்த்தையை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. உடம்பு வலிக்கு ஒரு பாக்கெட் வாங்கியவனுக்குத்தான் கொழுப்பாம்.

‘திமிர்’ என்ற சொல்லை அகராதியில் பாருங்கள். மரத்துப்போவது என்றும் ஒரு பொருள் இருக்கும். திமிர்வாதம் என்று ஒரு நோயே உண்டு; கைகால் உணர்ச்சி இல்லாமல் போய்விடும். அடுத்த தெருவில் அத்தனை பாடை கிளம்பியும் தயிர்சாதம் தடையில்லாமல் இறங்குகிறதே, அதற்கு அகராதிப்படி என்ன பெயர் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கு உங்களிடம் யாராவது, ‘குறையுதே சார்’ என்று வந்து நின்றால், ‘கொழுப்பு’ என்று வாய் வரைக்கும் வரும். ஒரு நிமிஷம் பொறுத்து, கணக்கை இன்னொரு தரம் கூட்டிப் பாருங்கள். பி.காம்.காரன் சொல்கிறேன்: பெரும்பாலும் குறையத்தான் செய்யும்.