கிட்டி வைக்கும் காலம்

புரட்டாசி 20, மன்னார்குடிப் பக்கம்

சம்பா நட்டாயிற்று. வயலெங்கும் தண்ணீர் நிற்பதால் எலிக்கு இப்போது வரப்பும் வாய்க்கால் கரையும்தான் கதி. நேற்றுச் சாயங்காலம் எல்லா வளைகளையும் மண் தள்ளி மூடிவிட்டுப் போனோம். காலையில் எங்கே மண் கலைந்திருக்கிறதோ அங்கே ஆள் இருக்கிறது. புது மண்ணைக் குவித்து வாசலை உள்ளிருந்தே அடைத்துக்கொள்வது கரம்பை எலி. புல்லெலிக்கும் வயல் சுண்டெலிக்கும் அவ்வளவு ஆர்ப்பாட்டம் கிடையாது.

ஐப்பசி 6

கூண்டில் அகப்பட்டவற்றின் காதில் தகடு மாட்டி விட்டுவிடுகிறோம். கையுறை கட்டாயம், எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல. வயலில் மொத்தம் எத்தனை எலி என்று அறியத்தான் இது. 1890களில் டென்மார்க்கில் மீன்களுக்குத் தகடு மாட்டிய பீட்டர்சனின் கணக்கு. 40 எலிக்குத் தகடு போட்டோம், மறுபடி பிடித்த 50இல் 10 தகடு எலிகள் என்றால், மொத்தம் ஏறத்தாழ 200. காகிதத்தில் எல்லாம் சரிதான். ஆனால் ஒருமுறை அகப்பட்ட எலி அப்புறம் கூண்டுப் பக்கமே வராவிட்டால் தகடு எலி குறைந்து கணக்கு வீங்கிவிடும். தீனி ருசித்துத் திரும்பத் திரும்ப வந்து விழுந்தாலோ சுருங்கிவிடும்.

கார்த்திகை 12

கிட்டி என்னும் பொறி வைத்து எலி பிடிக்கும் கிட்டிக்காரர் கொண்டுவந்த எலிகளை அறுத்துப் பார்த்தோம். பயிர் பொதி கட்டும் நேரம், கதிர் இன்னும் உறைக்குள்தான். பெட்டைகளில் பெரும்பாலானவை சினை. முன்பு ஈன்றவற்றின் கருப்பையில் குட்டி ஒட்டியிருந்த இடமெல்லாம் கரும்புள்ளியாகத் தழும்பு இருக்கும். சினைக்காலம் மூன்று வாரம்தான். ஈன்ற கையோடு மறுபடி சினை பிடிக்கவும் முடியும். வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் சிறு கொறிணிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிச் சரிவதை 1924இல் சூழலியலாளர் சார்ல்ஸ் எல்டன் எழுதினார். ஆனால் நம் வயலெலிக்கு நெல்தான் பஞ்சாங்கம். கதிர் வரும்போது குட்டி வரும்.

"நாம அடிச்சா என்ன தம்பி, பக்கத்து வயல்லேருந்து வந்து குடியேறிடுதே" என்றார் கிட்டிக்காரர். எலிகளை ஆராயும் எங்கள் துறையில் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். காலியான வளைக்கு வெளியிலிருந்து ஆள் வரும்; தப்பித்தவற்றுக்கோ தீனி தாராளம்.

தை 5

அறுப்பு. வளையைத் தோண்டினால் முழுக் கதிர்களாகச் சேர்த்து வைத்திருக்கிறது கரம்பை எலி. இந்த நேரம் பார்த்துத்தான் பலர் விஷத் தீனி வாங்கப் போகிறார்கள். வயல் முழுக்க நெல் இருக்கையில் விஷத் தீனியை எந்த எலி சீண்டும்? குட்டிகளும் வளர்ந்து பரவியாயிற்று. இது வீண் செலவு என்பது என் முடிவு.

அடுத்த சம்பாவுக்கு டெல்டாக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். வரப்பை ஓரடிக்கு மேல் அகலமாக வைக்காதீர்கள். அகன்ற வரப்பு எலிக்கு வசதி. நடவு முடிந்த முதல் மாதத்திலேயே, பொதி கட்டுமுன், வாய்க்கால் கரையையும் சேர்த்து ஊரே ஒரே வாரத்தில் கிட்டி வையுங்கள். அப்போது சாகும் ஒரு பெட்டை, தையில் சாகும் பல எலிகளுக்குச் சமம்.