மூடிய பின் தெரியாத வேலை

தாவூத் நபி (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தான். போர்க் கவசத்தின் வளையங்களைச் சரியான அளவில் அமைக்கும்படியும் கட்டளையிட்டான். திருக்குர்ஆனின் 34ஆவது அத்தியாயம் இச்செய்தியைக் கூறுகிறது. இரும்போடு வாழ்நாளைக் கழிக்கும் என்போன்ற மெக்கானிக்குகளுக்கு இது பெருமை தரும் செய்தி. கூடவே அச்சம் தரும் செய்தியும் ஆகும். கவசத்தில் ஒரு வளையம் பழுதென்றால் அணிந்தவருக்குத் தெரியாது, செய்தவருக்குத்தான் தெரியும்.

1996இல் ஷார்ஜாவின் தொழிற்பேட்டையில் நான் பணியாற்றிய பட்டறைக்கு 1985ஆம் ஆண்டின் டொயோட்டா பிக்அப் ஒன்று வந்தது. அமெரிக்காவிலிருந்து பழைய வண்டியாக இறக்குமதியானதால் அதில் ஆட்டோமேட்டிக் கியர் இருந்தது. இஞ்சினில் குறையில்லை. ஆனால் கோடை வெயிலில் பாரம் ஏற்றினால் கியர் வழுக்கும். இஞ்சின் இரையும், வண்டி நகராது. உரிமையாளர் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த மூத்த சகோதரர். காய்கறி ஏற்றிப் பிழைப்பவர். வண்டி நின்றால் ஊரில் அடுப்பு எரிவது சிரமம். ஆட்டோமேட்டிக் கியரைப் புதுப்பிக்கும் செலவு அவருக்குக் கட்டுப்படியாகாது. கையால் மாற்றும் சாதாரண கியரைப் பொருத்தித் தருமாறு வேண்டினார்.

"தம்பி, எனக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும். உள்ளே இருப்பது எதுவும் தெரியாது. உங்களிடம் அமானிதமாக விட்டுச் செல்கிறேன்" என்று சாவியைக் கொடுத்தார்.

ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்டுவதுதானே என்று தோன்றலாம். அவ்வளவு எளிதன்று. இஞ்சினின் பின்புறமுள்ள மெல்லிய தகட்டை நீக்கிக் கனமான ஃப்ளைவீலைப் பொருத்த வேண்டும். தகட்டுக்குரிய குட்டையான போல்ட்டுகளை அதற்குப் போடலாகாது. கிராங்க் ஷாஃப்டின் முனையில் பைலட் பேரிங் வைக்க வேண்டும். கிளட்ச் பெடலும் அதற்குரிய சிலிண்டர்களும் புதிதாக இடம்பெற வேண்டும். கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் இடம் மாறலாம். பின்சக்கரத்துக்குச் செல்லும் ஷாஃப்டின் நீளமும் மாறலாம். ரேடியேட்டரோடு இணைந்த கியர் எண்ணெய்க் குழாய்களை அடைக்க வேண்டும். கியர் 'பார்க்'கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற பழைய வயரிங்கையும் மாற்ற வேண்டும்.

பழைய உதிரிபாகக் கடை ஒன்றில் மலிவான கியர்பாக்ஸ் கிடைத்தது. கையால் சுற்றிப் பார்த்தேன், ஓசையே இல்லை. இவ்வளவு பழைய கியருக்கு இத்தனை அமைதி ஏன் என்ற ஐயம் எழுந்தது. அடிமூடியைத் திறந்து எண்ணெயை வடித்தேன். கெட்டி எண்ணெயோடு மரத்தூள் கலந்த கூழ் வந்தது! தேய்ந்த பற்களின் இரைச்சலை அடக்கச் செய்யும் பழைய தந்திரம் அது. அதை அங்கேயே விட்டுவிட்டு, வேறொரு கடையில் கூடுதல் விலைக்கு நல்லதை வாங்கினேன்.

அதன்பின் கிளட்ச் பிளேட். உடன் வேலை செய்தவர், "பழைய பிளேட்டே ஆறு மாதம் ஓடும். மூடிவிட்டால் யார் பார்க்கப்போகிறார்கள்?" என்றார். அவர் கூறியதில் ஓர் உண்மை இருந்தது. கிளட்ச் இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருப்பது. கியர்பாக்ஸை மறுபடி இறக்கினாலன்றி அதைக் காண முடியாது.

அப்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நிகழ்ச்சி என் நினைவுக்கு வந்தது. ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள செய்தி அது. மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்துவிட்டதாக வணிகர் கூறினார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட பெருமானார் (ஸல்), ஏமாற்றுபவரைத் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் கூறிவிட்டார்கள். மழை பெய்தது வணிகரின் குற்றமன்று, மறைத்ததே குற்றம். பழைய பொருளை விற்பதும் பொருத்துவதும் பாவமல்ல. அதைப் பழையது என்று சொல்லாமல் மூடுவதே பாவம்.

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் புதிதாகப் போட்டோம். எது புதிது, எது பழையது என்று தாளில் எழுதிச் சகோதரரிடம் கொடுத்தேன். அரசின் வாகனப் பரிசோதனையில் இந்த மாற்றத்தை மறைக்க வேண்டாம் என்றும், நாளை வண்டியை விற்றால் வாங்குபவரிடம் அந்தத் தாளைக் கொடுத்துவிடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். அமானிதம் கைமாறும்போது உண்மையும் உடன் செல்ல வேண்டுமல்லவா?

வாசக சகோதர சகோதரிகளே! தையற்காரரின் உள்தையல், கொத்தனாரின் அடித்தளம், வீட்டுத் தாய்மார்கள் கழுவும் அரிசி என மூடிய பின் தெரியாத வேலை இல்லாத தொழிலே இல்லை. அயல்நாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பணத்தின் பின்னாலும் அத்தகைய ஒரு வேலை இருக்கிறது. எவ்வளவு வந்தது என்று கேட்கும் நாம், எப்படி வந்தது என்றும் கேட்போமாக. அந்தப் பணத்தின் பரக்கத், யாரும் காணாத அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஹலாலான உழைப்பையும் தூய உள்ளத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.